அவரே கழுவிய கருவி

அந்தக் கம்பிகளை நினைத்தால் இன்றும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இமை மயிரில் ஒரு துண்டை வெட்டிப் போட்டதுபோல இருக்கும். கொஞ்சம் பலமாக மூச்சுவிட்டால் தட்டிலிருந்து பறந்துவிடும். திருகோணமலை ஆஸ்பத்திரியில் நான் ஒப்பரேஷன் தியேட்டர் மிஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்தபோது, ரஷ்யாவில் படித்துவிட்டு வந்த எங்கள் சர்ஜன் கொண்டுவந்த கருவிக்கு உரியவை அவை. அறுந்த இரத்தக் குழாயின் இரு முனைகளையும் அது பிடித்துக்கொள்ளும். கந்தோரில் ஸ்டேப்ளரால் காகிதம் கொளுவுவதுபோல ஒரே அழுத்தில் சுற்றிவரக் கம்பிகள் இறங்கி, குழாய் ஒன்றாகிவிடும். பூதக்கண்ணாடிக்குக் கீழே கருவியின் ஒவ்வொரு குழியிலும் ஒரு கம்பியாகப் பன்னிரண்டையும் வைப்பது என் வேலை. எனக்குக் கண் கூர்மை என்று சர்ஜன் ஒருமுறை சொல்லிவிட்டார். அந்தப் புகழ்ச்சியில் நானும் கொஞ்சம் மிதந்துதான் திரிந்தேன்.

துறைமுகத்தில் கம்பிவடம் அறுந்து அடித்ததென்று ஒரு மத்தியானம் கிண்ணியாக்காரத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் குழாய் துண்டாகியிருந்தது. கால் வெளிறிக் குளிர்ந்து கிடந்தது.

"எல்லாம் சரியோ?" என்று சர்ஜன் கேட்டார்.

"ஓம் டொக்டர்" என்றேன்.

கருவியை அழுத்தி எடுத்ததும் ஓரிடத்தில் மட்டும் இரத்தம் கசிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கையால் இரண்டு தையல் போட்டு நிறுத்தினார். ஒரு குழியை நான் வெறுமையாக விட்டேனா, இல்லை கம்பி இறங்காமல் குழியிலேயே சிக்கி நின்றதா? கருவியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைக் கழுவுவது எப்போதும் நான்தான். அன்று அவரே கொண்டுபோய்க் கழுவி, துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார். என்னைக் காப்பாற்றினாரா, தன் கருவியைக் காப்பாற்றினாரா?

நாலாம் நாள் குழாய் அடைத்துக்கொண்டது. காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. உடுப்பு மாற்றும் அறையில் இருந்து அழுதேன். அந்த மனிதருக்காக அழுதேனா, எனக்கு என்ன ஆகுமோ என்று பயந்து அழுதேனா, அதுவும் விளங்கவில்லை. கொஞ்சக் காலத்தில் சர்ஜன் மாற்றலாகிப் போனார். பெட்டியும் அவரோடு போனது.

பிறகு ஒருநாள் கிண்ணியாப் படகுத்துறையில் அந்த மனிதரைக் கண்டேன். ஊன்றுகோலோடு நின்றவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"பெரிய டொக்டர் போறதுக்கு முன்ன என்னட்ட மாப்புக் கேட்டாரு மிஸி. பிழை அவர்லயாம்" என்றார். "நீங்க பக்கத்துலதானே நின்டீங்க. அப்புடி என்ன பிழை உட்டாரு?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

நான் சொன்னது உண்மையா, பொய்யா? இன்றுவரை எனக்குத் தெரியாது.