சரஸ்வதி பூஜைக்குப் பூட்டிய ஃபோல்டர்

சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். எங்கள் கொரட்டூர் வீட்டில் கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்: துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு நாள் முழு ஓய்வு. ஆனால் என் கை சும்மா இருக்காது என்று என் வீட்டுக்காரருக்குப் பயம். காரணமும் இருந்தது. நான் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கத் தொடங்கி வந்த முதல் ஆர்டர் அது. திருமழிசைப் பெண் வீட்டார், விஜயதசமி காலை நல்ல நேரத்தில் முதல் பிரதியை வாங்கிப்போய்க் கோயிலில் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

பக்தி முற்றிய மனிதர் தன் லாகினில் நுழைந்து, என் வேலை இருந்த ஃபோல்டரை யாருமே திறக்க முடியாதபடி தடை போட்டுவிட்டார். மறுநாள் எடுத்துவிடலாம் என்ற நினைப்பு.

மறுநாள் ஃபோல்டர் அவருக்கும் திறக்கவில்லை. தடையை நீக்கப் போனால் அதற்கும் அனுமதி இல்லை என்றது.

“இன்னாது இது? நான்தானே அட்மின்! எனக்கே கதவச் சாத்துது!”

“யாருக்கும் கூடாதுன்னா அதுல நீங்களும் சேர்த்திதானே? பெரிய சாமியார்!” என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா போனில், “அம்பத்தூர் எஸ்டேட் தாண்டிட்டோம்மா” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஆளுங்க வந்துகினு கீறாங்க, இவன் பூட்டிட்டு குந்திகினு கீறான்!” என்றார் மாமியார்.

வீட்டுக்காரர் யூடியூபில் தேடினார். “வழி கீது. இதுக்கு ஓனர் யாருன்னே காட்டல. என் பேருக்கு மாத்திட்டா தொறந்துடும்.”

“கைய எடுங்க! செஞ்சது நான். மொதல்ல என் லாகின்ல போய்ப் பார்க்கிறேன்.”

எனக்கும் ஃபோல்டர் திறக்கவில்லை. ஆனால் அதன் அனுமதிப் பக்கம் திறந்தது! இவர் போட்ட தடை அங்கே இருந்தது. நீக்கிவிட்டு ஓகே கொடுத்தேன். பிள்ளையார், மாவிலைத் தோரணம், மணமக்கள் பெயர் எல்லாம் அப்படியே வந்து நின்றன. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பெண்ணின் அப்பா, நான் அச்செடுத்துக் கொடுத்த பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“எனக்குத் தொறக்காதது உனக்கு மட்டும் எப்படி?” என்றார் வீட்டுக்காரர்.

மறுபடி அந்தப் பக்கத்துக்குப் போனேன். எவ்வளவு தடை போட்டாலும், ஃபோல்டரை உருவாக்கிய ஓனர் அதை நீக்கிக்கொள்ளலாமாம். எங்கள் வீடு மாமனார் பெயரில். கேஸ், கரண்ட், வண்டி எல்லாம் இவர் பெயரில். இங்கே ஓனர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. வாய்விட்டுப் படித்தேன்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னொரு தபா படி” என்றார்.