காது ஒட்டும் வீட்டில் ஒரு முயல்

விருத்தாசலத்து வெயிலில் அங்கோரா முயல் வளர்ப்பது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. உட்கார்ந்திருந்தது முயல், களைத்துப்போனது நாங்கள்.

லாரி ஓட்டும் மாமா, பீங்கான் லோடு ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போனவர், திரும்பும்போது கூடையில் ஒரு பஞ்சு மூட்டையைக் கொண்டுவந்தார். மூட்டைக்குக் கண் இருந்தது.

"சாதா முயலு இல்லக்கா, அங்கோரா. தெனம் முடியச் சீவி வுடணும். தண்ணி மட்டும் படக் கூடாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டார். யார் சீவுவது என்று சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பீங்கான் கம்பெனியில் காது ஒட்டும் வேலை. கோப்பைக்குக் கைப்பிடி வைப்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். நாள் முழுக்கக் குனிந்து ஒட்டிவிட்டு ஆறு மணிக்கு வருவாள். முகம் கழுவி, தோட்டத்துப் படியில் உட்கார்ந்து, முயலை மடியில் போட்டுக்கொள்வாள். "ஒனக்காவது காத ஒட்டியே அனுப்பிட்டாரு கடவுளு" என்பாள். பிறகு அரைமணி நேரம் சீப்பு மட்டும்தான் பேசும்; நாளில் அவள் சாய்ந்து உட்காருவது அப்போது மட்டும்தான். அப்பா டீ கேட்டுக் கேட்டுப் பார்த்து, தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். சீவி முடித்த பிறகுதான் உலை வைப்பாள். அதுவரை என் வயிறு கூவிக்கொண்டிருக்கும்.

ஒரு வாரம் கம்பெனியில் பெரிய ஆர்டர். அம்மா வர நேரமானதால் சீப்பு என் கைக்கு வந்தது. "சிக்கு வுழாமப் பாத்துக்கடி" என்றாள். என் தலையையே அழாமல் சீவத் தெரியாத ஒன்பது வயது எனக்கு. மூன்று நாள் சீவினேன். எங்கள் வகுப்புப் பெண்கள் அத்தனை பேர் முடியும் அந்த ஒரு முயலிடம் இருந்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருந்தாள்; அன்று கை ஓய்ந்துபோனபோதுதான் என் மூளை வேலை செய்தது. ஷாம்பு பாக்கெட் ஒன்றைப் பிரித்து, முயலை வாளியில் முக்கி, நுரை பொங்கத் தேய்த்தேன். முயல் எலியாகிவிட்டது.

காயவைப்பதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? சுடாத பச்சைச் சாமானை வெயிலில் வைத்தால் வெடித்துவிடும் என்று பீங்கான் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? நிழலில் பலகை போட்டு, முயலை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவ்வப்போது திருப்பித் திருப்பி வைத்தேன். வெடிக்கவில்லை. முடி முழுக்க இறுகி ஜமுக்காளமாகிவிட்டது.

அம்மா வந்து பார்த்தாள்.

"ஏண்டி, இத என்னா, சூளையிலயா போடப் போற?"

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கத்தரிக்கோலை எடுத்துவந்து, தோலில் படாமல் ஜமுக்காளத்தைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தாள். உள்ளேயிருந்து மெலிந்த, ரோஸ் நிற ஆசாமி ஒன்று வெளியே வந்து, காற்றுப் பட்ட சந்தோஷத்தில் தோட்டம் முழுக்கக் குதித்தது.

"முடி வளர மூணு மாசமாவும்" என்றாள் அம்மா.

ஆர்டர் முடிந்து மறுநாள் ஆறு மணிக்கே வந்துவிட்டாள். முகம் கழுவி, படியில் உட்கார்ந்து, முயலை மடியில் போட்டு, சீப்பை ஒருமுறை இழுத்தாள். சீப்பில் எதுவும் சிக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"இப்ப ஒனக்கு வேல மிச்சந்தானம்மா?" என்றேன்.

"மிச்சந்தாண்டி" என்று எழுந்து உலை வைக்கப் போனாள்.

அன்று சோறு அரைமணி முன்னாலேயே தட்டுக்கு வந்துவிட்டது. எல்லாம் என் புண்ணியம் என்று, பெருமையாக இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.