மைக் செட் முனிகிருஷ்ணனின் செவ்வாய்க்கிழமை

"கேக்குதான்னு நான் கேக்கலை. இன்னா கேட்டுச்சுன்னு சொல்லு."

திருப்பதிக் கல்யாணச் சத்திரத்தின் கடைசித் தூணருகே நின்ற சமையல்காரர் விழித்தார். முனிகிருஷ்ணன் மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோய், மாப்பிள்ளை ஊர்வலம் எந்தத் தெரு வழியாக வரும் என்று நிதானமாகச் சொன்னார். இந்தத் தடவை சமையல்காரர் தெருவின் பெயரைத் திருப்பிச் சொன்னார். அதற்கப்புறம்தான் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை இறுக்கினார் முனிகிருஷ்ணன். மற்ற மைக் செட்காரர்கள் "அலோ அலோ" என்று தட்டிப் பார்த்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள். இவருக்கு அது போதாது. கேட்கிறதா என்றால் எல்லோரும் கேட்கிறது என்றுதான் சொல்வார்களாம்.

நான் அங்கே பெண் வீட்டு விருந்தாளி. இந்த விநோதமான பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். நகரியில் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். "செவ்வாக்கிழமை வாங்க. அன்னிக்கு மைக்கு இல்லாம ஒண்ணு நடக்குது" என்றார். அது என்ன என்று கேட்டதற்கு, வந்தால் தெரியும் என்று மட்டும் பதில்.

நாற்பது வயது இருக்கலாம். ஒல்லி. சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். பாட்டரித் தண்ணீர் தெறித்து அரித்தவை. பேச்சு தமிழில் புறப்பட்டுப் பாதியில் தெலுங்குக்கு மாறி, மறுபடி தமிழில் வந்து நிற்கும். மனைவி வரலட்சுமி பங்காருபாளையத்துத் தெலுங்குக் குடும்பம். அடுத்தவர் பேசும்போது கீழ் உதட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வது இவர் வழக்கம். தானாகப் பேச்சு வந்துவிடாமல் இருக்கத்தான் என்றார்.

ஆந்திரா தனி மாநிலமான பிறகு இவருடைய தொழிலுக்கு ஓய்வே இல்லை. நகரியும் புத்தூரும் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் நடக்கும். சேரவே கூடாது என்று மறுநாள் அதே புளியமரத்தடியில் பதில் கூட்டம் நடக்கும். இரண்டுக்கும் இவருடைய குழாய்தான். "ரெண்டு கூட்டத்தையும் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கேட்ட ஆளு இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். ஆனா ஒருத்தர் இன்னா சொன்னாருன்னு கேளுங்க, எனுக்குத் தெரியாது. நான் கொரகொரன்னு சத்தம் வருதான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் தொடங்கிய கதையை வரலட்சுமிதான் எனக்குச் சொன்னார், சிரிப்பை அடக்க முடியாமல். தம்பிக்குப் பெண் பார்க்கப் பங்காருபாளையம் போகிறேன், வர நாலைந்து நாளாகும் என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறார். அவரும் "சரி சரி" என்றிருக்கிறார். மறுநாள் வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. தேடாத இடமில்லை. கடைசியில் ஜட்கா வண்டியில் குழாயைக் கட்டிக்கொண்டு, இன்ன நிறப் புடவை, இன்ன உயரம் என்று ஊரெல்லாம் அறிவித்துக்கொண்டே போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வண்டியை மறித்து, "உங்கிட்ட சொல்லிட்டுத்தானே போச்சு, எங்காதுலயே விழுந்துச்சே" என்ற பிறகுதான் மைக்கை அணைத்தார்.

ஊர் பல நாள் சிரித்தது. திரும்பி வந்த வரலட்சுமி சிரிக்கவில்லை. கல்யாணமான நாளாக இப்படித்தான், நான் பேசியது எதையும் நீங்கள் கேட்டதே இல்லை என்று அழுதார். முனிகிருஷ்ணன் தொழிலில் தெரிந்த ஒரே வழியை வீட்டில் போட்டுப் பார்த்தார். மனைவி ஒன்று சொல்வார். இவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மனைவி ஆமாம் என்றால்தான் இவர் முறை. முதல் வாரம் ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லையாம். சரியாக வர ஆரம்பித்ததும் அண்டை வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பிறகு வந்து உட்கார்ந்தார்கள்.

செவ்வாயில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், ஆகவே அன்று மைக் செட்டுக்கு வேலை இல்லை. மாலை வெயில் தாழ்ந்ததும் கடையின் பின்கட்டில் பாய் விரிக்கிறார். பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். தறிக்காரர்கள், கரும்பு போடுகிறவர்கள், தமிழர், தெலுங்கர், பெண்களும் உண்டு. யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் பதில் சொல்லக் கூடாது. எல்லாம் முடிந்ததும் முனிகிருஷ்ணன் ஒரு கேள்வி கேட்பார்: "இதுல நீ இன்னா பண்ணப் போறே?" எல்லோருக்கும் இது ஒத்துவருவதில்லை. தபால்காரர் ஒருவர், இது என்ன சின்னப் பிள்ளை விளையாட்டு என்று எழுந்து போனவர், அப்புறம் அந்தத் தெருவில் தபால் போடுவதோடு சரி.

நான் போன செவ்வாயன்று செங்கல்வராய முதலியாரும் அவர் மனைவி லட்சுமம்மாவும் வந்திருந்தார்கள். முதலியார் தறி நெய்கிறவர். சென்னையோடு சேரக் கேட்கும் எல்லைக் கூட்டங்களில் முன்வரிசைக்காரர். அவர்கள் மகள் சந்திரம்மா படித்த பள்ளியில் தமிழ் வகுப்பு நின்றுபோய்த் தெலுங்கு மட்டும் ஆனதும், பெண்ணைப் படிப்பை விட்டு நிறுத்திவிட்டார். அரக்கோணத்தில் அத்தை வீட்டில் தங்கித் தமிழில் படிக்கட்டும் என்பது அவர் கட்சி. லட்சுமம்மா பெண்ணை அனுப்ப மறுத்தார். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

லட்சுமம்மா முனிகிருஷ்ணனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். முனிகிருஷ்ணன் முதலியாரின் பக்கம் கையைக் காட்டினார். அந்த அம்மாள் முந்தானையைப் பிசைந்துகொண்டே புருஷன் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு வூட்ல குந்திக்கினு இருக்குது. தமிழா தெலுங்கான்னு நாம சண்டை போட்டுக்கினு இருக்கிறோம். அது யார்கிட்டயும் பேசுறதில்லை. நேத்து சோறு துன்னக் கூப்ட்டேன், தலையைத் தூக்கிக்கூடப் பாக்கலை. எனுக்குப் பயமா இருக்குது."

"தெலுங்குப் பள்ளிக்கூடத்துல சேக்கச் சொல்றா" என்றார் முதலியார்.

அதை நான் சொல்லவே இல்லை என்றார் லட்சுமம்மா. முதலியார் மறுபடி முயன்றார். இவள் அண்ணன் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள் என்றார். அண்ணன் பேச்சையே அந்த அம்மாள் எடுக்கவில்லை என்று முனிகிருஷ்ணன் மெதுவாக நினைவுபடுத்தினார். லட்சுமம்மா முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை குரல் உடைந்தது. முதலியார் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். யாரும் அவருக்கு எடுத்துக்கொடுக்கவில்லை.

"பொண்ணு பேசுறதில்லைன்றா" என்றார் கடைசியில். "பயமா இருக்குதுன்றா." கோரையை விட்டுவிட்டார். "எங்கிட்டயும்தான் அது பேசுறதில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை."

லட்சுமம்மா ஆமாம் என்று தலையசைத்தார். உடனே முதலியார் நிமிர்ந்து, எல்லாம் இந்த எல்லைக் கமிட்டியால் வந்தது, அவர்கள் சீக்கிரம் முடிவு சொல்லியிருந்தால் என் பெண் ஏன் இப்படி ஆகிறாள் என்று குரலை உயர்த்தினார்.

"கமிட்டி வரும்போது வரட்டும் மொதலியாரே. நாளைக்குக் காலையில நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

"நீயே சொல்லு. செய்றேன்."

முனிகிருஷ்ணன் உதட்டைப் பிடித்துக்கொண்டார். முதலியாருக்கு முகம் சிவந்துவிட்டது. இதைக்கூடச் சொல்லத் தெரியாதவன் எதற்குக் கூட்டம் கூட்டுகிறாய் என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டார். காரியம் கெட்டுப்போச்சா அண்ணா என்று லட்சுமம்மா கேட்டார். தெரியவில்லை என்றுதான் முனிகிருஷ்ணன் சொன்னார்.

எனக்கே அவர்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று பிறகு கேட்டேன். "நான் சொல்லி அது சரியா வரலைன்னா என்னைத் திட்டிட்டுப் படுத்துக்குவார். சரியா வந்துச்சுன்னா இன்னும் மோசம். எல்லாத்துக்கும் இங்கயே வந்து நிப்பார்" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் பார்த்தேன்.

மாம்பழம் சந்தைக்கு வர ஆரம்பித்த சமயம் ஒரு செவ்வாயன்று மறுபடி நகரிக்குப் போனேன், என்னதான் ஆயிற்று என்று தெரிந்துகொள்ள. பின்கட்டில் முதலியாரும் லட்சுமம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று முதலியாரே பேசினார். கோபித்துக்கொண்டு போனவர் அடுத்த நாள் காலை தறியில் உட்காரவில்லையாம். சந்திரம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். அவள் வாய் திறக்கவில்லை. இவரும் விடாமல் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் அவள் சொன்னாள்.

"எனுக்குத் தெலுங்கு வரும் நைனா. எதிர்வூட்டுப் பொண்ணுங்ககூடப் பேசியே கத்துக்கினேன். நீ கேக்கவே இல்லையே."

இங்கேயே படிக்கிறேன், தமிழை நீ சொல்லிக்கொடு என்றிருக்கிறாள். இப்போது காலையில் முதலியாரே பெண்ணைத் தெலுங்குப் பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விடுகிறார். சாயங்காலம் தமிழ் வாசிக்க வைக்கிறார். எல்லைக் கூட்டம் என்றால் இன்றும் முன்வரிசைதான். கோஷத்தில் சத்தம் குறையவில்லை. இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று ஒருவர் கேட்டார். அது தனக்கும் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டார் முதலியார்.

லட்சுமம்மா இதையெல்லாம் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார்.

பிறகு முதலியார் இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். தன் தறியில் நெய்த சிவப்புக் கரைத் துண்டு. எல்லாம் உன்னால் நடந்தது என்று சொல்லி, முனிகிருஷ்ணனுக்குப் போர்த்த எழுந்தார். முனிகிருஷ்ணனும் எழுந்தார். துண்டை இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்தில் விரித்துக் கரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதை முதலியாரின் தோளிலேயே போட்டு, மடிந்திருந்த ஓரத்தை நீவிவிட்டார்.