குளிசையின் பெயர் தெரிந்த பிள்ளை

நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை ஏற்ற மூன்றாம் நாள் காலை, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பாயோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெயர் சாந்தி, வயது நாற்பதுக்குள். கிணற்றடியில் வழுக்கித் தலை அடிபட்டிருந்தது. காயம் சிறியது. ஆனால் கூப்பிட்டால் மட்டும் கண்ணைத் திறந்தார், பேச்சுக் குழறியது.

கூட வந்தவர்கள் இருவர். பக்கத்து வீட்டு யோகமக்கா, மற்றது சாந்தியின் மகள் நிலானி. பதின்மூன்று வயது. பாடசாலைச் சீருடை முழுக்க ஈரம். தாயின் கையை விடாமல் கட்டிலருகே நின்றாள்.

"பிள்ளை, இதுக்குள்ள நிக்க ஏலாது. வெளியில இரும்" என்று நானே அவளை விறாந்தையில் கொண்டுபோய் விட்டேன். பிறகு யோகமக்காவிடம் வழமையான கேள்விகளைக் கேட்டேன்.

"வேற வருத்தம் இருக்கோ? மருந்து ஏதும் பாவிக்கிறவவோ?"

"ஒண்டும் இல்லை மிஸ்ஸி. நல்ல சுகமாத்தான் இருந்தவ."

டொக்டர் அதை எழுதிக்கொண்டே, "மத்தியானம் வரைக்கும் வச்சுப் பாப்பம்" என்றார். அப்போது யன்னல் கம்பிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"மிஸ்ஸி, அம்மா வோபரின் போடுறவ. அஞ்சு மில்லிகிராம். இதய வால்வு மாத்தினது. நேற்றும் நான்தான் எடுத்துக் குடுத்தனான்."

டொக்டரின் பேனை நின்றது. வோபரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை. அதைப் போடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால் உள்ளே கசிவு நிற்காது. உடனே விற்றமின் கே ஊசி போட்டு, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப் படகுக்கு அறிவித்தோம். தென்மேற்குக் கச்சான் காற்றில் கடல் எழும்பியிருந்தது. நோயாளியுடன் பெரியவர் ஒருவரைத்தான் ஏற்றுவோம் என்றார்கள். யோகமக்கா ஏறினார். நிலானி இறங்குதுறையில் நின்றாள். அவள் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

திரும்பக் கூட்டிவந்து தேத்தண்ணியும் பணிஸும் கொடுத்தேன். தொடவில்லை.

"கிணத்தடிப் பாசியை ஞாயிற்றுக்கிழமை நான் தேய்ச்சிருக்கோணும் மிஸ்ஸி. சோதனைக்குப் படிச்சுக்கொண்டு விட்டிட்டன். அதாலதான் அம்மா விழுந்தவ."

மெல்ல மெல்லக் கேட்டறிந்தேன். தகப்பன் கட்டாரில் வேலை. சமையல், தண்ணீர், கிளினிக் திகதி, குளிசை எல்லாம் இரண்டு வருடமாக இவள் பொறுப்பு. ஊர் இரக்கப்படக்கூடாது என்று சாந்தி தன் இதய வருத்தத்தை எவரிடமும் சொல்லவில்லை.

"நீர் அந்தப் பேரைச் சொல்லாட்டி நாங்கள் மத்தியானம் வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்திருப்பம்" என்றேன். "உம்மை வெளியில விட்டது என்ர பிழை. அம்மா விழுந்தது ஒருத்தற்ற பிழையும் இல்லை."

அதன் பிறகுதான் அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன். அழுது முடித்துப் பணிஸைச் சாப்பிட்டாள்.

சாப்பாடு, தங்க ஒரு வீடு, பாடசாலை அதிபரிடம் ஒரு சொல் என்று நான் ஒழுங்குகளை அடுக்கத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்.

"அதெல்லாம் சரி மிஸ்ஸி. அங்க என்ன நடக்குதெண்டு எனக்கு உண்மையைச் சொல்லோணும்."

சொல்வதாக ஒத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் பாடசாலை இடைவேளைக்கு வந்தாள். அவள் முன்னாலேயே யாழ்ப்பாணத்து வார்டுக்கு அழைப்பு எடுத்தேன். தலையில் ஒப்பரேசன் என்று முடிவான அன்று யோகமக்கா தொலைபேசியில் கெஞ்சினார்: "பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ, பயந்திடும்." நான் நிலானிக்குச் சொன்னேன். அவள் கேட்டாள்:

"தலைமயிரை வழிப்பினமோ?"

"ஓம்."

"அப்ப தலைக்குக் கட்ட நல்ல துணி ஒண்டு வாங்கி வைக்கோணும்."

நீலப் பூப்போட்ட துணி வாங்கினாள். மூன்று கிழமை கழித்துச் சாந்தி அதைக் கட்டிக்கொண்டு படகால் இறங்கினார். இடது கை கொஞ்சம் பலவீனம், மற்றபடி சுகம். தண்ணீர் அள்ளுவதையும் கிணற்றடியையும் யோகமக்கா எடுத்துக்கொண்டார். கிளினிக் திகதிகளை நாங்கள் பார்த்தோம். தவறிய பாடங்களுக்கு அதிபர் தனியாகச் சோதனை வைத்தார். குளிசையை மட்டும் நிலானி விட்டுக்கொடுக்கவில்லை. "அது என்ர வேலை" என்றாள். விட்டுவிட்டோம்.

அதன் பிறகு பல தீவுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேரும் தாதிகளுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளி வந்தவுடன், "வீட்டில இவரைப் பாக்கிறது ஆர்?" என்று கேளுங்கள். கையைத் தூக்குவது சிறுபிள்ளையாக இருந்தால் வெளியே அனுப்பாதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருத்துங்கள். தெரிந்ததைக் கேளுங்கள், நடப்பதைச் சொல்லுங்கள், சாப்பிட்டதா என்றும் பாருங்கள். அந்தக் கட்டிலடியில் இரண்டு பேருக்கு நீங்கள் பொறுப்பு.