ஆல்டோ வரிசையில் ஒரு ஆள் அதிகம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண், ஒரு ஹால் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள் — "மேடம், நீங்க மட்டும் அந்த சேர்ல போய் உட்காருங்க."

நான் போய் உட்கார்ந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். டோல்கேட்டில் வரிசையையே நிறுத்திச் சண்டை போட்டவள், பேங்க் மேனேஜரை அவர் ரூமிலேயே வைத்துத் திட்டியவள் — உட்கார் என்றதும் உட்கார்ந்தாளா? ஆமாம், உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். எழுந்து வெளியே நடந்திருந்தால் மேடை கை விட்டுப் போயிருக்கும். அந்த மேடை எனக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும்.

என்ன மேடை? முதலிலிருந்து சொல்கிறேன்.

சேலத்துப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். அங்கே மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்து பாடுகிற குழு ஒன்று இருக்கிறது. கொயர் என்கிறார்கள். இந்த வருஷம் வெளியாட்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. கீழே ஒரு வரி — 'இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.' என்னிடம் இருக்கிற தகுதியை இதுவரை எந்த நோட்டீஸிலும் யாரும் கேட்டதில்லை. விடலாமா?

என் தொழில் தெரியாதவர்களுக்கு — திருச்செங்கோட்டில் போர்வெல் ஆபீஸ். துளை போடுகிற ரிக் வண்டியோடு வீட்டுக்காரர் பாதி வருஷம் வடக்கே போய்விடுவார். ஆபீஸில் போனைப் பிடிப்பது நான். அந்த முனையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். "என்னங்க்கா? கேக்கலீங்க்கா!" என்று டிரில்லர் கத்துவார். கம்ப்ரசரை விட உரக்க நான் கத்த வேண்டும். டீசல் போட்டாச்சா, டிரில் பிட்டு மாத்தியாச்சா, ஏன் மாத்தலை! வருஷக்கணக்காக என் குரலுக்கு இதுதான் வேலை.

ஒரு நாள் சமையலறையில் ரேடியோ கூடச் சேர்ந்து பாடலாம் என்று வாயைத் திறந்தேன். டிரில்லரைத் திட்டுகிற குரல்தான் வந்தது. வேறு குரலே என்னிடம் மிச்சமில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம் ரொம்ப மோசம்... எங்கே போய்க் கத்துவது?

கொயரில் சேரப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன்.

"ஏம்புள்ள, உன்னை எதுக்கு அவிங்க சேத்துக்கறாங்க? மைக்கு ரிப்பேரா?"

போனை வைத்துவிட்டேன்.

குழுவை நடத்துகிறவள் பவித்ரா. ஆத்தூர்ப் பெண். ஒல்லியாக இருப்பாள். யாருக்கும் பயப்பட மாட்டாள். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, "இதே மாதிரி பாடுங்க மேடம்" என்றாள். பாடினேன். அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"நல்லா... ஸ்ட்ராங்கா இருக்கு."

பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பெண்களில் மேல் குரலில் பாடுகிறவர்கள் சொப்ரானோ, கீழ்க் குரலில் பாடுகிறவர்கள் ஆல்டோ. என்னை ஆல்டோவில் போட்டாள். அந்த வரிசையில் என்னையும் சேர்த்து ஏழு பேர். என் இடது பக்கம் மரகதம் அக்கா. ராசிபுரத்தில் பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கிறார். நெசவுக் குடும்பம். வலது பக்கம் நித்யா, எம்.எஸ்ஸி. படிக்கிறாள். என்னை ஆன்ட்டி என்பாள். ஒரு தடவை முறைத்துப் பார்த்தேன். 'சாரி ஆன்ட்டி' என்றாள். விட்டுவிட்டேன்.

பல்கலைக்கழக விழா மேடையில் பாட எங்களுக்குக் கொடுத்தது ஒரு மழைப் பாட்டு. அங்கே தமிழ்த்துறையில் யாரோ எழுதியது. மழையே வா, வந்து குளத்தை நிரப்பு என்று கெஞ்சுகிற பாட்டு. மழை கொட்டினால் எவன் போர் போடக் கூப்பிடுவான்? என் தொழிலுக்கே உலை வைக்கிற பாட்டு. இருந்தாலும் பாடினேன்.

பாடினேன் என்றால்... அங்கேதான் தகராறு.

இரண்டாவது வாரமே பவித்ரா என் பக்கத்தில் வந்து நின்றாள். "மேடம், நீங்க பாடும்போது உங்களுக்கு யார் குரல் கேக்குது?"

"என் குரல்தான் டீச்சர். வேற யாரு குரல் கேக்கும்?"

"பக்கத்துல இருக்கறவங்க குரல் கேக்கணும். கேக்கலைன்னா நீங்க சத்தமா பாடறீங்கன்னு அர்த்தம்."

இதென்ன கணக்கு? பஸ் பிடித்து, சங்ககிரி வெயிலில் வெந்து, இவ்வளவு தூரம் வந்து பாடுவது அடுத்தவர் குரலைக் கேட்கவா? அதை வீட்டிலேயே கேட்கலாமே. சரி, டீச்சர் சொல்கிறாளே என்று மரகதம் அக்கா பக்கம் காதைத் திருப்பினேன். ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா, வாயைத் தொறந்து பாடுங்க. எனக்குக் கேக்கவே இல்லை."

மரகதம் அக்கா பணிவாகச் சொன்னார் — "பாடிட்டுத்தானுங்க அம்மிணி இருக்கறேன். நீங்க பாடறப்ப எனக்கே என் குரலு கேக்கறதில்லீங்க."

நித்யா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஆனால் பெரிய பிரச்சினை சத்தமில்லை. அந்தப் பாட்டின் ஆரம்பம். முதலில் ஆண்கள் 'ம்ம்ம்' என்று முனகுவார்கள். சட்டென்று நிறுத்துவார்கள். ஒரு நொடி அமைதி. பிறகு ஆல்டோக்கள் மட்டும் தனியாக 'மழையே' என்று தொடங்க வேண்டும். தாளம் கிடையாது, கீபோர்டு கிடையாது. பவித்ராவின் கை மட்டும்தான்.

அவள் கை காட்டுவாள். எங்கள் வரிசையில் ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள்.

ஏன் தெரியுமா? மரியாதை! நம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியைப் பார்த்திருப்பீர்கள். "நீங்க உக்காருங்க." "இல்லீங்க, நீங்க முன்னாடி உக்காருங்க." "பெரியவங்க இருக்கறப்ப நாங்க எப்படீங்க..." இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்தாகிவிட்டது. ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். பரிமாறுகிறவன் சாம்பார் வாளியோடு நிற்பான். அதே பந்திதான் ஆல்டோ வரிசையிலும் நடந்தது. பெரியவர்கள் தொடங்கட்டும் என்று நித்யா காத்திருப்பாள். படிக்கிற பிள்ளை தொடங்கட்டும் என்று மரகதம் அக்கா காத்திருப்பார். ஒரு தடவை அவர் பாட்டுக்கு நடுவிலேயே கையை நீட்டி, "நீங்க ஆரம்பிங்க சாமி" என்று நித்யாவிடம் சொல்லியேவிட்டார்.

எனக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது. நான் தொடங்கிவிடுவேன். வடக்கே இருக்கிற டிரில்லருக்குக் கேட்கிற குரலில். பவித்ரா கை இறங்குவதற்கு முன்பே. மற்றவர்கள் திறந்த வாயையும் மூடிக்கொள்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை பவித்ராவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆல்டோல ஏழு பேர் நிக்கறீங்க. எனக்கு ஒருத்தர் குரல்தான் கேக்குது."

"மத்த ஆறு பேரைக் கேளுங்க டீச்சர். பாடறவளைப் புடிச்சுக் கேட்டா எப்படி?"

"சரி, கேட்டுடறேன்." அவள் சிரிக்கவில்லை. "மேடம், நீங்க மட்டும் அந்த சேர்ல போய் உட்காருங்க. இந்த ஆரம்ப என்ட்ரி நீங்க இல்லாம சரியா வந்துட்டா, விழாவுக்கு ஆறு பேர் போதும். வரலைன்னா நீங்க வேணும்."

அதாவது, மற்றவர்கள் தோற்றால் எனக்கு மேடை. ஜெயித்தால் நான் வீட்டுக்கு.

உட்கார்ந்த உடனே என்ன நினைத்தேன்? 'தோற்றுப் போகட்டும்' என்றுதான். திருச்செங்கோட்டு மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருப்பேன். அங்கிருந்து மலை தெரியாது.

ஆண்கள் முனகினார்கள். நிறுத்தினார்கள். பவித்ரா கை காட்டினாள்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

நித்யா மரகதம் அக்காவைப் பார்த்தாள். மரகதம் அக்கா நித்யாவைப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டாவது முறை. மரகதம் அக்கா 'ம' என்று தொடங்கி, தனியாகத் தொடங்கிவிட்டோம் என்று பயந்து நிறுத்தி, "மன்னிச்சுக்குங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"கடைசியா ஒரு தடவை" என்றாள் பவித்ரா.

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சும்மா இருக்க வேண்டும். இன்னும் ஒரு நொடி சும்மா இருந்தால் மேடை எனக்கு.

ஆண்கள் நிறுத்தினார்கள். அந்த அமைதி வந்தது. மரகதம் அக்கா இந்தத் தடவை நித்யாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளே கண் கலங்கியிருந்தது.

சும்மா இருக்கிற பழக்கம் என் உடம்புக்கு எப்போது இருந்தது? என்னைக் கேட்காமலே நெஞ்சு விரிந்து, 'ஹ்ஹா' என்று ஒரு மூச்சை இழுத்தேன். சின்ன மூச்சில்லை. கம்ப்ரசருக்கு மேலே கத்துவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. ஹாலுக்கே கேட்டது.

அதோடு சேர்ந்து ஆறு பேரும் மூச்சை இழுத்தார்கள். பவித்ரா கை இறங்கியது.

'மழையே!'

ஆறு பேர். ஒரே குரல். ஒரு நூல் முன்னே பின்னே இல்லை.

என் முதல் எண்ணம் — போச்சு. என் மேடைக்கு நானே மண் போட்டேன்.

இரண்டாவதாகத்தான் காதில் விழுந்தது. அந்த ஆறில் ஒரு குரல் தாழ்வாக, கனமாக, தறியிலிருந்து அப்போதுதான் இறக்கிய பட்டு மாதிரி மொடமொடப்பாக இருந்தது. மரகதம் அக்கா! இத்தனை வாரமாகத் தோளோடு தோள் உரசி நின்றிருக்கிறேன், இந்தக் குரலை இப்போதுதான் கேட்கிறேன்.

வரி முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க மேடம் போறீங்க?"

"அதான் வந்துருச்சே டீச்சர். ஆறு பேரு போதும்னு சொன்னீங்கல்ல?"

"எங்க வந்துச்சு? நீங்க மூச்சு இழுத்தீங்க, அதுல வந்தாங்க."

"ஆமாங்க டீச்சர்" என்றார் மரகதம் அக்கா. "டீ குடிக்கற நேரத்துல அம்மிணி போன் பேசறதை வாராவாரம் பாக்கறமுங்களே. இப்படி மூச்சு இழுத்தாங்கன்னா யாரையோ வையப்போறாங்கன்னு அர்த்தமுங்க. நாங்களும் பயந்துக்கிட்டு மூச்சப் புடிச்சுக்குவோம். அந்தப் பழக்கம்தானுங்க."

ஆண்கள் வரிசையில் ஒருவன் தரையில் உட்கார்ந்தே சிரித்தான். பவித்ராவும் சிரித்துவிட்டாள். இந்தத் தடவை நானும்.

அதோடு முடிவாயிற்று. நானும் மேடைக்கு வருவேன். வரிசைக்கு நடுவில் நிற்பேன். எல்லோருக்கும் சேர்த்து மூச்சை நான் இழுக்க வேண்டும். பாடுவது மட்டும் மெதுவாக — 'பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிற மாதிரி' என்றாள் பவித்ரா. மூச்சு இழுப்பதற்காக ஒருத்தியை மேடை ஏற்றுகிறார்கள்... கோபப்படலாமா என்று யோசித்தேன். மேடை மேடைதானே?

அதற்கப்புறம் ஒன்றைக் கவனிக்கிறேன். ஊரில் பாதிக் காரியம் நடக்காமல் நிற்பதற்கு யாரும் எதிர்ப்பது காரணமில்லை. எல்லோரும் மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டு, முதலில் அவர் தொடங்கட்டும் என்று பணிவாக நிற்கிறார்கள். இல்லையென்றால், என்னை மாதிரி ஆள் குறுக்கே விழுந்து தானே முழுவதையும் கத்தி முடித்துவிடுகிறாள். இரண்டிலும் வேலை நடக்காது. யாராவது ஒருவர் சத்தமாக மூச்சை மட்டும் இழுத்துவிட்டு விலகிக்கொண்டால் போதும் போலிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு வயசாகியிருக்கிறது. உங்களுக்கு முன்பே தெரியுமென்றால் ஏன் சொல்லவில்லை?

போன வாரம் விழா. மழைக்காலம் என்பதால் வண்டி ஷெட்டில் நிற்கிறது. வீட்டுக்காரரும் வந்திருந்தார். மேடையில் ஏறியதும் பயம் வந்துவிட்டது. எனக்கு! இரண்டு பக்கமும் பார்த்தேன். மரகதம் அக்கா தன் கடையிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றார்.

ஆண்கள் முனகினார்கள். நிறுத்தினார்கள். பவித்ரா என்னைப் பார்த்தாள்.

இழுத்தேன்.

'மழையே' என்று வந்தது பாருங்கள்... அப்படி வந்தது. மரகதம் அக்கா குரல் இடது காதில், நித்யா குரல் வலது காதில். அப்படியே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். பாட மறந்துபோனேன். முதல் வரி போனது. இரண்டாவது வரியும் போனது. மரகதம் அக்கா முழங்கையால் விலாவில் ஒரு இடி இடித்தார். அத்தனை மரியாதையான மனுஷி! மூன்றாவது வரியில்தான் சேர்ந்துகொண்டேன்.

இறங்கி வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார் — "ஏம்புள்ள, உன் குரலு கேக்கவே இல்லியே?"

பதில் சொல்வதற்குள் ஒரு பேராசிரியை அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நடுவுல நின்னீங்களே, நீங்கதானுங்களே? அந்த முதல் வரி 'மழையே'ன்னு எடுத்தீங்க பாருங்க, எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சுங்க!"

மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறவள் நான் — அன்றைக்கு மட்டும் "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.