சேபோம் வாங்கிவந்த கோழி

சேபோமை எங்கள் குழந்தைகள் இல்லத்தில் கொண்டுவந்து விட்டபோது அவளுக்குப் பதினொரு வயது. "அறுவடைத் திருநாள் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் அப்பா கும்பிட்டுச் சொன்னார். எந்த வருஷத்துத் திருநாள் என்று நான் கேட்காமல் விட்டது என் தப்பு. இந்தக் குன்சான் ஊரில் இத்தனை காலமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

பாத்திரம் கழுவும் முறை வந்தால் சேபோம் கையைக் கட்டிக்கொள்வாள். "சித்தி, நான் விருந்தாளி. இன்னும் கொஞ்ச நாள்தான்."

"நாலு வருஷமா டேரா போட்டிருக்கிற விருந்தாளிய இப்பத்தான்டி பாக்குறேன். கழுவு!"

ஒன்பதாவது முடியப்போகிறது. எந்த மேல்நிலைப் பள்ளி, என்ன பிரிவு என்று எழுதித் தரச் சொல்லி வந்த படிவத்தை மூன்று தடவை வெற்றாகவே திருப்பிக் கொடுத்தாள். அப்பா வந்ததும் அவர் ஊரில் படிப்பாளாம்.

ஒருநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை என்று போன் வந்தது. போலீஸில் சொல்லிவிட்டு ஊரெல்லாம் தேடினேன். சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக, கையில் ஒரு அட்டைப்பெட்டியுடன் வந்து நின்றாள். எண்ணெய் வாசனை.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"இக்சானுக்கு. அப்பா பொரிச்ச கோழிக் கடை வச்சிருக்காரு. அவரைத் தேடித்தான் போனேன்."

"பேசினாரா?"

"பேசினாரே! 'முழுசா, பாதியா'ன்னு கேட்டாரு. அப்புறம் மூஞ்சியப் பாத்தாரு. உள்ளேயிருந்து ஒரு பொடிசு 'அப்பா'ன்னு கத்துச்சு. அவரு அவசரமா ரெண்டு டப்பா முள்ளங்கி ஊறுகாய் கூடுதலா வச்சாரு. அடுத்த மாசம் வர்றாராம்." பெட்டியை மேஜையில் வைத்தாள். "என் பங்கு சொத்து. ரெண்டு டப்பா."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். "மாவு ஒரே தடிமன், உள்ள வேகவே இல்ல. அப்பனாவும் தேறல, சமையல்காரனாவும் தேறல இந்த ஆளு."

சேபோம் சிரித்தாள். வாயில் கோழியோடு சிரித்தவள் அப்படியே குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். மூக்கு ஒழுகியது. என் ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் படிவத்தைத் தானே கேட்டு வாங்கி 'வெல்டிங்' என்று எழுதினாள்.

"ஏன்டி அது?"

"மூஞ்சிய மூடிக்க ஒரு கவசம் தருவாங்களாம். வாத்தியாரப் பாக்க வேணாம் பாருங்க."

வெல்டிங் சான்றிதழ்த் தேர்வில் முதல் தடவை தோற்றாள். தேர்வு அதிகாரியிடம் வாய் கொடுத்தது ஒரு காரணம். இரண்டாம் முறை தேறினாள். அப்பா அடுத்த மாதமும் வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. அவளும் நாள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

இப்போது பத்தொன்பது வயது. கப்பல் கட்டும் இடத்தில் வேலை. போன வாரம் வந்து இல்லத்தின் உடைந்த கேட்டைப் பற்றவைத்துக் கொடுத்தாள். கேட் கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது. சொன்னால், "தரைதான் சித்தி கோணல்" என்கிறாள்.