இறக்கிக் கட்டிய கம்பிகள்

எங்கள் சர்ச் கொயரில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வருகிறவன் கிட்டாரை எடுத்துக் கீபோர்டோடு சுருதி சேர்த்து, மீட்டுகிற பிளாஸ்டிக் துண்டை, அதாவது பிக்கை, கம்பிகளுக்கு நடுவே செருகி வைத்துவிட வேண்டும். நான்தான் எப்போதும் முதலில் வருவேன். அந்தப் பழக்கத்தில், யார் வீட்டுக் கிட்டார் கிடைத்தாலும் என் கை சும்மா இருக்காது.

அக்கா வீட்டுக்காரர் கடலூரில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். சொந்தமாகப் பாட்டெழுதி, கிட்டார் வாசித்துப் பாடுவார். எல்லாமே சோகப் பாட்டு. கல்யாண வீட்டில் இவரைப் பாடவிட்டால் பந்தி காலியாகிவிடும் என்று கிண்டல் செய்வேன், சிரிப்பார். பிக்கைத் தொடவே மாட்டார், வெறும் விரல்தான். கட்டைவிரல் தடித்த கம்பியை ஒரே நிதானத்தில் தட்டிக்கொண்டிருக்கும். மற்ற விரல்கள் எப்போதாவது ஒரு கம்பியைக் கிள்ளிவிட்டுக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் எனக்குத் தூக்கம் வரும்.

2008-இல் பத்துப் பாட்டுகள் கொண்ட ஆல்பத்தைச் சிதம்பரத்தில் ஒரு மாடி ஸ்டுடியோவில் பதிவு செய்தார். நான் அப்போது அந்த ஊரில்தான் வேலையில் இருந்தேன். ஒன்பது முடிந்திருந்தது. பத்தாவது பாட்டு, பிறந்து மூன்றே நாளில் போய்விட்ட அவர்கள் குழந்தைக்கானது. அந்தக் குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதனால் அந்தப் பாட்டின் வார்த்தைகளை அவர் வீட்டில் பாடியதே இல்லை. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மாதம் கிட்டார் மட்டும் வாசித்தார்; தன் குரலுக்கு வாகாக வரும்வரை கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

பதிவன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கியவர், ஸ்டுடியோவில் கிட்டாரை என்னிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். மீட்டிப் பார்த்தேன். ஏகத்துக்கும் இறங்கிக் கிடந்தது. வழியில் ஆலப்பாக்கம் ரோடு பஸ்ஸைக் குலுக்கிய குலுக்கல் என்று நினைத்து, ஆறு கம்பிகளையும் முறைப்படி ஏற்றி வைத்தேன். நல்லது செய்த திருப்தி வேறு.

அவர் வந்து ஒருமுறை மீட்டினார். முகம் மாறிவிட்டது. மதியம்வரை திருகித் திருகித் தேடினார். கிட்டத்தட்ட வந்தது, ஆனால் அது இல்லை. வெயில் சூட்டில் கம்பி மாறியிருக்கும் என்று ரெக்கார்டிங் செய்கிறவர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெறும் குரலில் பாடினார்.

சிடி வந்ததும் எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் எனக்குச் சுருக்கென்றது. அக்கா அதை ஒரே ஒருமுறை போட்டுக் கேட்டாள். பிறகு சிடியைப் பீரோவில் வைத்துவிட்டாள்.

மூன்று வருஷம் தாக்குப்பிடித்தேன். 2011 கிறிஸ்துமஸுக்குப் போனபோது, அந்தப் பின்னறையில் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கே தெரியும் மாப்ள," என்றார். "கம்பிக்கு நடுவுல பிக் இருந்துச்சே. எங்கிட்ட ஏது பிக்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்து, ஏற்றியவன் நீதானே, நீயே இறக்கிக் கொடு என்றார். இரண்டு பேருமாகத் தேடினோம். அன்றைக்கு மாதிரியே கிட்டத்தட்டத்தான் வந்தது.

அக்கா அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அந்தத் தடிக் கம்பிய இன்னுங் கொஞ்சம் எறக்கு," என்றாள்.

இறக்கினேன். அடுத்த கம்பி ஜாஸ்தியாக இறங்கிவிட்டது, ஏற்று என்றாள். ஏற்றினேன். கிட்டார் பிடிக்கவே தெரியாதவள், ஒவ்வொரு கம்பியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறாவதில் போதும் என்றாள்.

அவர் வாங்கி ஒருமுறை மீட்டினார். மீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இரண்டு மாதமும் அவள் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது.

அக்கா உள்ளே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்ப பாடுங்க," என்றாள்.